காளான் படம் அனுப்புகிறவர்கள் கேட்பவை: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கான பதில்கள்

ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போலப் பெய்துவிட்டால் போதும். படுவான்கரையிலிருந்தும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கங்களிலிருந்தும் என் கைத்தொலைபேசிக்குக் காளான் படங்கள் வரத் தொடங்கிவிடும். படங்கள் வேறு வேறு, கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதாமல் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

படத்தைப் பார்த்து, சாப்பிடலாமா என்று சொல்வீர்களா?

மாட்டேன். "சாப்பிட வேண்டாம்" என்று சில படங்களைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். "தாராளமாகச் சமையுங்கள்" என்று எந்தப் படத்துக்கும் நான் எழுதியதில்லை, எழுதப்போவதுமில்லை. விஷயம் தெரிந்தவர் யாரும் எழுதமாட்டார். யாராவது உடனே "நல்ல காளான்தான்" என்று பதில் அனுப்பினால், அந்த வேகத்தைக் கண்டே சந்தேகப்படுங்கள்.

பெயர் கண்டுபிடிப்பது வேறு, உலையில் போடுவது வேறு. பெயர் பிழைத்தால் திருத்திக்கொள்ளலாம்.

படம் தெளிவாகத்தானே இருக்கிறது, பிறகென்ன தடை?

வருகிற படங்களில் பெரும்பாலானவை நின்றபடி மேலிருந்து எடுத்தவை. அவற்றில் தெரிவது குடையின் முதுகு மட்டும். வெள்ளை முதுகும் கபில நிற முதுகும் கொண்ட காளான்கள் எண்ணிலடங்காதவை. அடையாளம் பெரும்பாலும் குடைக்குக் கீழேதான் இருக்கிறது. செவுள்கள், அதாவது குடைக்கு அடியில் வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகள், தண்டைத் தொடுகின்றனவா, சற்று விலகி நிற்கின்றனவா? தண்டில் வளையம் உண்டா? அடி மண்ணுக்குள் எப்படி முடிகிறது? கிண்ணம் போன்ற உறைக்குள்ளா, குமிழாகவா, வேர் போல நீண்டா? இவை எதையும் குடையின் முதுகு சொல்லாது.

எவ்வளவு நல்ல கமராவாக இருந்தாலும் மணத்தைப் பிடிக்காது. வித்திகளின், அதாவது காளான் விதை போல உதிர்க்கும் தூளின், நிறத்தை அறிய ஓர் இரவு காத்திருக்க வேண்டும். வயதும் குழப்பும்: விடியற்காலையில் முட்டை போல நிற்கும் காளான் மத்தியானத்துக்குள் குடையாக விரிந்து, மறுநாள் விளிம்பு கிழிந்து தட்டையாகிவிடலாம். ஒரே காளானின் மூன்று வயதுப் படங்களை மூன்று காளான்கள் என்று நினைத்து அனுப்பியவர்களும் உண்டு.

அப்படியானால் எப்படிப் படம் எடுப்பது?

முதலில், பிடுங்காமல், அது நிற்கும் இடத்தோடு ஒரு படம். வைக்கோற்போரா, புற்றா, புல்வெளியா, முந்திரி மரத்தடியா, விழுந்து கிடக்கும் மரக்குற்றியா என்பது அதில் தெரிய வேண்டும். மண்ணில் முளைத்ததாகத் தோன்றுவது சில வேளை மண்ணுக்குள் புதைந்த மரத்துண்டிலிருந்து வந்திருக்கும். கிளறிப் பாருங்கள்.

அடுத்து, குந்தியிருந்து பக்கவாட்டில் ஒன்று. பிறகு, காளானைச் சுற்றி மண்ணை ஆறுதலாகத் தோண்டி, அடி முறியாமல் முழுதாக எடுக்க வேண்டும். கத்தியால் தண்டை அறுத்துக் கொண்டுவருகிறவர்கள் முக்கியமான சாட்சியை மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். எடுத்ததைக் கவிழ்த்துச் செவுள்களை ஒரு படம், அடியை நெருக்கமாக ஒரு படம், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஒரு படம். இளசும் முற்றலும் அருகருகே இருந்தால் இரண்டையும் சேர்த்து வைத்து எடுங்கள். அளவு தெரிய ஐந்து ரூபாக் குற்றி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் விரல் எனக்கு அளவாகாது.

வெளிச்சத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீலத் தறப்பாளுக்குக் கீழே எடுத்த படத்தில் வெள்ளைச் செவுள் நீலம் பூசிக்கொள்ளும். வாழையிலை நிழலில் பச்சை ஏறும். பிளாஷ் போட்டால் இளஞ்சிவப்பு வெளுத்து வெள்ளையாகிவிடும். நிறத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டிய இடங்களில் இது சின்னப் பிழை இல்லை. காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல் எடுப்பது நல்லது. படத்தின் ஓரத்தில் வெள்ளைத் தாள் ஒன்று இருந்தால், எந்த நிறம் எவ்வளவு திரிந்திருக்கிறது என்று பார்க்கிறவருக்குப் பிடிபடும். முகத்தை அழகாக்கும் வசதி தொலைபேசியில் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். காளானுக்கு அது தேவையில்லை.

கமராவை மிக அருகே கொண்டுபோனால் குவியம் பிடிபடாது. ஒரு சாண் தள்ளி எடுத்து, பிறகு வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த இடமும் நேரமும் அழிந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே வந்துசேரும்.

வித்தியின் நிறத்தை வீட்டில் எப்படிப் பார்ப்பது?

ஒரு தாளின் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருக்கட்டும். விரிந்த குடையைத் தண்டில்லாமல் நறுக்கி, செவுள் பக்கம் கீழே இருக்குமாறு, இரண்டு நிறத்திலும் பாதிப் பாதி விழும்படி வையுங்கள். மேலே ஒரு சிரட்டையைக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போகலாம். விடிந்ததும் குடையை மெல்லத் தூக்கினால், செவுள்களின் வரிசை அப்படியே மாவுக்கோலம் போலத் தாளில் படிந்திருக்கும். வெள்ளை வித்தி வெள்ளைத் தாளில் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் கறுப்புப் பாதி. இளசில் வித்தி விழாது, மழையில் நனைந்து அழுகத் தொடங்கியதிலும் சரிவராது.

மிகக் கொடிய நஞ்சுக் காளான்கள் சிலவற்றைக் கொண்ட இனமான அமானிட்டாக்களுக்கு வித்தி வெள்ளை. சிப்பிக் காளானுக்கும் வெள்ளை, சில வகைகளில் மெல்லிய ஊதா கலந்த வெள்ளை. வைக்கோல் காளானுக்கும் புற்றுக் காளானுக்கும் இளஞ்சிவப்பு. கடையில் விற்கும் மொட்டுக் காளானின் இனத்துக்குக் கடும் கபிலம். சாணத்தில் முளைப்பவற்றில் பலவற்றுக்குக் கறுப்பு. ஒரு காளான் பச்சையாகப் படியும், அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

இளஞ்சிவப்பாக விழுந்ததும் சட்டியைத் தேட வேண்டாம். நச்சுள்ள எண்டோலோமா வகைகளுக்கும் அதே நிறம்தான். வித்தி நிறம் சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியலைக் குறைக்கும், குற்றமற்றவர் என்று சான்றிதழ் கொடுக்காது.

புற்றுக் காளானைப் படத்தில் நிச்சயமாக அடையாளம் காணலாம்தானே?

நம் பக்கத்துக் காளான்களில், ஒழுங்காக எடுத்த படத்தில் நம்பிக்கையோடு இனப்பெயர் சொல்லக்கூடியது இதுதான். அதனால் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கறையான் தின்பதற்காகவே வளர்க்கும் பங்கசு இது. காய்ந்த இலையையும் மரத்தையும் மென்று கொண்டுவந்து, புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற ஓர் அடுக்கைக் கட்டி, அதில் இந்தப் பங்கசைப் பயிராக்குகிறது. அந்த அடுக்கை உடைத்துப் பார்த்தால் குறுணல் அளவில் வெள்ளை முத்துகள் ஒட்டியிருக்கும். நல்ல மழைக்குப் பிறகு அங்கிருந்தே காளான் மேல்நோக்கி வருகிறது. கெட்டியான மண்ணைத் துளைக்க வேண்டும் அல்லவா, அதனால் குடையின் உச்சியில் கூரான, கடினமான, மற்றப் பகுதியைவிடக் கறுத்த ஒரு முனை இருக்கும். தண்டு நிலமட்டத்துக்குக் கீழே மெலிந்து, வேர் போல நீண்டு, அந்த அடுக்குவரை போகும். சிலவற்றில் இந்த வேர் ஒரு முழத்தையும் தாண்டும். இந்த இனத்துக்கு டெர்மிடோமைசிஸ் என்ற பெயரை 1942இல் ரோஜர் ஹைம் என்ற பிரெஞ்சு அறிஞர் வைத்தார். அதற்கு முன்பே, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பங்கசு ஆய்வாளராக இருந்த தோமஸ் பெச் 1906இல் இலங்கைக் கறையான் புற்றுகளின் பங்கசுகளைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார்.

ஆகவே எனக்கு வேண்டிய படங்கள் மூன்று: உச்சியின் முனை, செவுள், வேர். மூன்றாவது படம் ஏறக்குறைய ஒருவரும் அனுப்புவதில்லை. இழுத்தால் தண்டு நிலமட்டத்தில் முறிந்துவிடும், ஓரமாகத் தோண்ட வேண்டும். ஒன்றைத் தோண்டினால் போதும். அடியிலுள்ள அடுக்கையே வாரி எடுத்துவிட்டால் அடுத்த மாரிக்கு அங்கே ஒன்றும் முளைக்காது. கையை நேராகப் புற்றுத் துவாரத்துக்குள் விடாமல் தடியால் கிளறுங்கள். புற்றில் யார் குடியிருப்பார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

புற்றுக்குப் பக்கத்தில் முளைத்ததெல்லாம் புற்றுக் காளான் என்று எண்ணுவதுதான் ஆபத்து. புற்றடியிலும் மக்கிய இலை உண்டு, அதில் வேறு காளான்களும் வரும். வேர் இல்லாமல் அடியில் கிண்ணம் இருந்தால் அது வேறு ஆள்.

நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டியாக வெள்ளையாக முளைத்திருக்கிறதே, அதுவும் புற்றுக் காளானா?

இருக்கலாம். டெர்மிடோமைசிஸ் மைக்குரோகார்ப்பஸ் என்ற சிறு வகை அப்படித்தான் கம்பளம் விரித்தாற்போல முளைக்கும். கறையான் வெளியே கொண்டுவந்து போட்ட அடுக்குத் துணுக்குகளிலிருந்து வருவதால் நீண்ட வேர் இராது. பேர்க்லி, புரூம் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1871இல் முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்த இந்தக் காளானின் மாதிரி இலங்கையிலிருந்து போனதுதான். ஆனால் சிறிய வெள்ளைக் காளான்கள் பலவும் படத்தில் ஒரே மாதிரியே இருக்கும். சில லெப்பியோட்டா வகைகள் சிறியவை, ஈரலைக் கெடுக்கும் நஞ்சும் கொண்டவை. வேர் என்ற சாட்சியும் இல்லாத இடத்தில் படத்தை வைத்து நான் வாய் திறப்பதில்லை.

வைக்கோற்போரில் வந்தது வைக்கோல் காளான்தானே?

சிறுபோகம் வெட்டி அடித்த வைக்கோல் வட்டை ஓரத்தில் கிடந்து, முதல் மழையில் நனைந்து, உள்ளே சூடேறும்போது இது வரும். முதலில் சாம்பல் கலந்த கபில நிறத்தில் முட்டை போல இருக்கும். பிறகு உறை கிழிந்து, உள்ளிருந்து குடை எழும்பும், கிழிந்த உறை அடியில் கிண்ணமாகத் தங்கிவிடும். தண்டில் வளையம் இராது. செவுள் முதலில் வெள்ளை, பிறகு இளஞ்சிவப்பு.

இங்கேதான் உலகத்தின் மிகக் கொடிய காளான்கள் சிலவற்றோடு இது தோற்றத்தில் மோதுகிறது. அமானிட்டாக்களுக்கும் முட்டைப் பருவம் உண்டு, அடிக்கிண்ணமும் உண்டு. கன்பராவில் புத்தாண்டு விருந்தொன்றில் மரணத்தொப்பி எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டஸைச் சாப்பிட்ட இருவர் 2012 ஜனவரியில் இறந்தார்கள். வைக்கோல் காளான் என்று எண்ணியே அதைச் சமைத்திருக்கக்கூடும் என்று அப்போது கருதப்பட்டது. அது ஐரோப்பியக் காளான், ஓக் மரங்களோடு அங்கே போய்ச் சேர்ந்தது. இங்கே அதையே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் ஒரு நாட்டில் கற்ற கண் இன்னொரு நாட்டில் எப்படி ஏமாறும் என்பதை நம்மிலிருந்து மெல்பேர்னுக்கும் டொரொன்டோவுக்கும் போயிருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமானிட்டாக்களில் பெரும்பாலானவை உயிருள்ள மரவேர்களோடு கூட்டாக வாழ்பவை, வைக்கோலில் முளைப்பவை அல்ல. எனவே, எதில் முளைத்தது என்ற கேள்வி பெரியது. அதற்கும் மேல், வித்தி வெள்ளையா இளஞ்சிவப்பா என்பது. முட்டைப் பருவத்தில் பிளந்து பார்த்தால் இரண்டிலும் உள்ளே சின்னக் குடை ஒன்று மடங்கியிருக்கும், செவுள் இரண்டிலும் வெள்ளையாகவே இருக்கும். முட்டைப் படத்துக்கு என்னிடம் பதில் கிடையாது.

பாடசாலைப் புல்வெளியில் கோப்பை அளவுக்கு வெள்ளைக் காளான். பார்க்க நல்லதாக இருக்கிறதே?

பார்க்க மட்டும்தான். பெரிய வெள்ளைக் குடை, நடுவில் கபில நிறச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம், புல்லில் வட்டமாக அல்லது வரிசையாக முளைப்பது. இத்தனையும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது குளோரோஃபில்லம் மொலிப்டைட்டஸ். வெப்ப நாடுகளின் புல்வெளிகளில் மிகச் சாதாரணமாக வருவது. வித்தி பச்சையாகப் படியும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

இதன் சூழ்ச்சி வயதில் இருக்கிறது. இளசில் செவுள் தூய வெள்ளை. அப்போது எடுத்த படத்தைப் பார்த்தால் சாப்பிடக்கூடிய குடைக்காளான் போலவே இருக்கும். முற்றிய பிறகுதான் சாம்பல் கலந்த பச்சை ஏறும். சாப்பிட்டவருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். குழந்தைகளுக்கு நீரிழப்பு ஆபத்தாகிவிடும்.

தொலைபேசியில் உள்ள செயலி பெயர் சொல்கிறதே?

சொல்லும். எதைக் காட்டினாலும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லும். தனக்குக் கற்பித்த படங்களில் எதைப் போல இருக்கிறது என்றுதான் அது பார்க்கிறது. உயிரினப் படங்களை யாரும் ஏற்றிப் பெயர் கேட்கக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் சேர்ந்திருக்கும் பதிவுகளில் வட அமெரிக்காவின் பங்கு மிகப் பெரிது. உகந்தைக் காட்டில் முளைத்ததற்கு ஓரிகன் மாநிலத்துக் காளானின் பெயர் வந்தால் வியக்க ஒன்றுமில்லை.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 78 காளான் மாதிரிகளின் படங்களை மூன்று செயலிகளிடம் காட்டிச் சோதித்து, முடிவை 2023இல் வெளியிட்டார்கள். மிகச் சிறப்பாகச் செய்த செயலி ஏறக்குறைய பாதியைத்தான் சரியாகச் சொன்னது, மற்ற இரண்டும் மூன்றில் ஒரு பங்கையே எட்டின. படங்கள் அதிகம் சேர்ந்திருக்கும் நாட்டிலேயே நிலைமை இதுதான். கேட்டதற்கெல்லாம் சரளமாகப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் படத்தைக் கொடுப்பவர்களுக்கும் இதே பதில்தான், சரளம் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

இனம் எதுவாக இருக்கலாம் என்று தேடத் தொடங்க, நான் செயலியைப் பயன்படுத்துகிறேன். அதற்கு அது நல்லது.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, உள்ளி நிறம் மாறினால் நஞ்சு என்கிறார்களே?

இரண்டும் பொய். பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதும் பொய். மனிதரைக் கொல்லும் காளானை நத்தை ஆறுதலாகத் தின்றுவிட்டுப் போகும். மஞ்சள் போட்டு அவித்து நீரை ஊற்றிவிட்டால் போதும் என்பது எல்லாவற்றிலும் மோசமானது: அமாடொக்சின் என்ற நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் காயவைத்தாலும் அழியாது. கசப்பு இருக்கும் என்று காத்திருக்கவும் முடியாது. மரணத்தொப்பியைச் சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மம்மா காலத்து அறிவைக் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் ஒரே புற்றில், ஒரே மாரியில், ஒரே காளானை ஆண்டாண்டாகப் பறித்தவர்கள். அந்த அறிவு அந்த இடத்துக்குச் சொந்தமானது, கரண்டிக்குள் இல்லை.

தொட்டால் நஞ்சு ஏறுமா?

ஏறாது. கையைக் கழுவினால் போதும்.

மாட்டுப்பட்டியில் சாணத்தின் மேல் முளைப்பவை?

விட்டுவிடுங்கள். நசுக்கினால் நீலம் பாயும் வகைகள் மூளையை மயக்குபவை. மற்றவற்றில் பல, காலையில் முளைத்து மாலையில் கறுத்த மையாகக் கரைந்துவிடும். படத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

சாப்பிட்டுவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990 அம்பியுலன்சை அழையுங்கள் அல்லது கிடைக்கும் வாகனத்தில் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். மிஞ்சிய காளானையும் சமைத்த கறியையும் கொண்டுபோங்கள். சமைக்காதது இருந்தால் காகிதத்தில் சுற்றுங்கள், பொலித்தீன் பையில் வியர்த்து அழுகி உருத்தெரியாமல் போய்விடும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்பதை எழுதிவைத்து வைத்தியரிடம் கொடுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்தோடு வைத்தியர்கள் பேசிக்கொள்வார்கள்.

அந்த நேரக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தொடங்கும் வாந்தி பெரும்பாலும் வயிற்றோடு நின்றுவிடும். ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு, அதாவது இரவு சாப்பிட்டு விடியற்காலையில் தொடங்கினால், அது ஈரலைத் தாக்கும் அமாடொக்சினாக இருக்கக்கூடும். அது இன்னொரு விதத்திலும் ஏமாற்றும்: ஒரு நாள் வாந்தியும் பேதியும் படுத்திவிட்டு, அடுத்த நாள் சுகமானது போல இருக்கும். அந்த இடைவெளியில்தான் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். "இப்போது பரவாயில்லை" என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். இரண்டு வகைக் காளான் கலந்து சமைத்திருந்தால், வாந்தி சீக்கிரம் வந்தது என்பதையும் ஆறுதலாகக் கொள்ள முடியாது. சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்றாலும் அவர்களும் கூடவே போகட்டும்.

படம் எடுக்கக் காட்டுக்குள் போகலாமா?

குமண, கல்லோயா, மாதுறு ஓயா தேசியப் பூங்காக்களுக்குள் உரிய அனுமதியோடு போய்ப் படம் எடுக்கலாம், பறித்து எடுத்துவர முடியாது. அதற்கு வெளியே, வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கங்களில் காளானுக்கு ஏற்ற நேரமும் யானை காட்டுக்குத் திரும்பும் நேரமும் ஒன்றுதான். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போங்கள், தனியே போகாதீர்கள். தரையையே பார்த்துக்கொண்டு நடக்கிறவர் எதிரே நிற்பதைக் காணமாட்டார்.

சாப்பிட முடியாதென்றால் இந்தப் படங்களால் என்ன பயன்?

நம் இரண்டு மாவட்டங்களிலும் எந்த மாதத்தில், எந்த நிலத்தில், எந்தக் காளான் வருகிறது என்ற பதிவு படங்களால்தான் உருவாகும். ஐநேச்சுரலிஸ்ட்டில் திகதியும் இடமும் சேர்த்து ஏற்றினால், அறிந்தவர்கள் வந்து பெயரைச் சொல்வார்கள் அல்லது திருத்துவார்கள். குறைந்தது இருவர் பார்த்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அது ஆய்வுக்குரிய பதிவாகிறது. புற்றுள்ள இடத்தைத் துல்லியமாகக் காட்ட விருப்பமில்லை என்றால் இடத்தை மங்கலாக்கும் வசதியும் உண்டு. காளான் பறிப்பவர் எவரும் தன் புற்றைப் பிறருக்குக் காட்டமாட்டார் என்பது எனக்கும் தெரியும்.

பக்கத்திலேயே ஒரு சிறு குறிப்பு எழுதிவிடுங்கள்: என்ன மணம், வித்தி என்ன நிறம், கடைசியாக மழை பெய்தது எப்போது. அந்த மூன்றும் இருந்தால் மங்கலான படத்துக்கும் பெயர் கிடைக்க வாய்ப்புண்டு.